பச்சைக் கூரை வீட்டில் மழை

துவாரகாவில் மெட்ரோ ஏறியதுமே கையடக்க கேமை எடுத்துவிட்டேன். அந்தப் பழைய சாகச விளையாட்டை மிகக் குறைந்த நேரத்தில் முடிப்பதுதான் என் பைத்தியம், உங்களுக்குத் தெரியும். இன்று என் பழைய சாதனையைவிட இருபது விநாடி முன்னால் போய்க்கொண்டிருந்தேன்.

"ஓடு, ஓடு" என்று திரையில் ஓடும் என் வீரனிடம் வாய்விட்டே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

"தமிழாம்மா?" என்றார் பக்கத்து சீட் அக்கா. நாலு வீட்டில் வேலை முடித்துவிட்டுத் திரும்புகிறாராம். பிறகு அவரும் என் திரையையே பார்க்க ஆரம்பித்தார்.

"அந்தப் பச்சைக் கூரை வீட்டுல யாரும்மா இருக்கா?"

"தெரியாதுக்கா. நாலு வருஷமா இந்த வழியாத்தான் ஓடறேன். உள்ள போனா நேரம் போயிடும்."

"நாலு வருஷமா ஒரு தடவகூட எட்டிப் பாக்கலியா?"

என் விரல் தானாக அவனை அந்த வீட்டுக்குள் திருப்பியது.

உள்ளே அடுப்பருகில் ஒரு பெண் இருந்தாள். ஜன்னலுக்கு வெளியே மழை. இந்த கேமில் மழை பெய்யும் என்பதே எனக்குத் தெரியாது.

"என்னா சொல்றா?"

"நனைஞ்சு வந்திருக்கியே, சூப் குடிச்சிட்டுப் போன்னு சொல்றாக்கா."

"அச்சா!" என்று சிரித்து நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

சாதனை போனது போனதுதான். வெளியே தில்லி வெயிலில் மொட்டைமாடிகள் மிதந்து போக, நாங்கள் இருவரும் அந்தச் சின்ன மழையைப் பார்த்துக்கொண்டே வந்தோம்.

கரோல் பாக் வந்தது. "அவகிட்ட சொல்லிட்டுக் கிளம்பும்மா" என்று இறங்கிப் போனார்.

என் ஸ்டேஷன் வரை தேடிவிட்டேன். சொல்லிக்கொண்டு கிளம்ப எந்த பட்டனை அழுத்த வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். என் வீரன் இன்னும் அந்த அடுப்பருகிலேயேதான் உட்கார்ந்திருக்கிறான்.