"அனுபவம் இல்லை" என்று எழுதச் சொன்னவன் நான்

போன ஆகஸ்ட் மாதம் என் மகள் சுகந்தி நர்சிங் முடித்தாள். வீட்டில் யாருக்கும் சந்தோஷம் இல்லை. கடைசி வருடம் முழுவதும் அவளும் அவள் வகுப்புப் பிள்ளைகளும் ஒரே கவலையில் இருந்தார்கள். எந்த ஆஸ்பத்திரியும் முன் அனுபவம் கேட்கிறது, நமக்கு அது எங்கே இருக்கிறது என்பதுதான் அந்தக் கவலை. அவர்களுக்கு முந்தைய வருடம் முடித்த பிள்ளைகள் சிலர் துணிக்கடையில் நிற்பதைப் பார்த்துவிட்டு வந்து, பரீட்சைக்கு முன்பே அழுதவள் அவள்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். வீடு பிள்ளைப்பாக்கம். ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தரை சுத்தம் செய்கிறேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. அதனால்தான் சபையில் எழுந்து நின்று சாட்சியாகச் சொல்லாமல் இதை எழுதிக் கொடுக்கிறேன்.

அவளோடு நான்கு ஆஸ்பத்திரிகளுக்குப் போனேன். முதல் இடத்தில் பயோடேட்டாவில் ஒரு வரியை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். இரண்டாவது இடத்தில், ஆறு மாதம் சம்பளம் இல்லாமல் வேலை செய்யட்டும், பிறகு பார்க்கலாம் என்றார்கள். மூன்றாவது இடத்தில் இருந்த மேனேஜர், "பழகிப் பாக்க எங்க பேஷன்ட்தான் கெடச்சாங்களா?" என்று என் மகளின் முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டுச் சிரித்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு என்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

எங்கள் கம்பெனியில் உற்பத்தி லைனுக்கு வருகிற புதுப் பையனுக்குக்கூடச் சொல்லிக் கொடுத்துத்தான் மெஷின் முன்னால் நிறுத்துகிறார்கள். உயிரைப் பார்த்துக்கொள்கிற வேலைக்குச் சொல்லிக் கொடுக்க மட்டும் ஆள் இல்லையா? எல்லோரும் அனுபவம் உள்ளவர்களையே கேட்டால், அந்த அனுபவத்தை முதலில் கொடுக்க வேண்டியது யார்?

நாலாவது ஆஸ்பத்திரியிலும் இல்லை என்றுவிட்டார்கள். வெளியே வரும்போது வாசலில் ஒரு ஏஜென்ட் கூடவே வந்தான்.

"அண்ணே, ரெண்டு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட், சீலோட வாங்கித் தரேன். யாரும் போன் பண்ணிக் கேக்க மாட்டாங்க."

"அது பொய்தானே தம்பி."

"எல்லாரும் அதத்தான் வச்சிகினு வேல பாக்குறாங்க. உங்க பொண்ணுதான் வூட்ல குந்திகினு கீது."

வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு நடந்தேன். பஸ் படப்பை தாண்டியதும் சுகந்தி, "உன் உண்மைய வச்சி எனக்கு ஒரு வேல வாங்கிக் குடுப்பா" என்றாள். வீட்டுக்கு வந்து அவள் அம்மாவிடம், வருகிற திங்கட்கிழமை முதல் செல்போன் கம்பெனி லைனுக்குப் போகப் போவதாகச் சொல்லிவிட்டாள். லைன் வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. எங்கள் தெருவே அதில்தான் சாப்பிடுகிறது. ஆனால் மூன்று வருடம் அவள் படித்தது அதற்கல்ல.

நான் ஜெபிப்பது பிரஸ் ஷாப்பில்தான். தகடு அடிக்கும் மெஷின்கள் ஓடும் இடம் அது. எல்லோரும் காதில் அடைப்பான் வைத்திருப்பார்கள். பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. தரை கழுவும் வண்டியைத் தள்ளிக்கொண்டே ஆண்டவரிடம் வாய்விட்டுப் பேசுவேன். எனக்கு அந்த ஒரு இடத்தில்தான் சத்தம் வரும். அந்தப் புதன்கிழமை நான் பேசியது ஜெபம் இல்லை, சண்டை.

"வேல குடுக்காம அனுபவம் எங்கிருந்து வரும் ஆண்டவரே? நீராவது சொல்லும். எம்பொண்ண எதுக்கு நர்சிங் படிக்க வச்சீர்?"

பேசிக்கொண்டிருக்கும்போதே லைன் நின்றுவிட்டது. ஏதோ சென்சார் கோளாறாம். கடைசி வார்த்தைகள் ஷெட் முழுவதும் கேட்டன. மெஷினில் நிற்கும் முருகன் காதடைப்பானைக் கழற்றிக்கொண்டே, "இன்னா தாஸண்ணா, மேல கீற மேனேஜர்கிட்டயே சத்தம் போடுற. எங்க இன்கிரிமென்டயும் சேத்துக் கேளு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடிவிடலாம் போலிருந்தது.

ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. கம்பெனியின் முதலுதவி அறை நர்ஸ் கலாவதி சிஸ்டர், மருந்துப் பெட்டியை நிரப்ப வந்திருந்தார். விரல் வெட்டுப்பட்டு வருகிறவனையே அதட்டுகிற ஆள்.

"யாருக்கு வேல இல்ல?" என்றார். மகளைப் பற்றிச் சொன்னேன். "நாளைக்கு அந்தப் பொண்ணக் கூட்டினு வாங்க. படிக்கும்போது எழுதின ரெக்கார்டு நோட்டெல்லாம் எடுத்துனு வரச் சொல்லுங்க."

மறுநாள் மதியம் கேட் பக்கத்து அறையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். சிஸ்டர் முதலில் பயோடேட்டாவைப் படித்தார்.

"அனுபவம், இல்லை. இத யாரு எழுதச் சொன்னது?"

சுகந்தி தாடையால் என்னைக் காட்டினாள். "அப்பாதான். பொய் எழுதக் கூடாதுன்னாரு."

சிஸ்டர் ரெக்கார்டு நோட்டைத் திறந்தார். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, வார்டு, அவள் செய்த வேலை, கீழே வார்டு சிஸ்டரின் கையெழுத்து. பிரசவ வார்டுப் பக்கத்தில் விரலை வைத்து, "இங்க என்னாச்சு?" என்று கேட்டார்.

"கொழந்த பொறந்ததும் அழல சிஸ்டர். டியூட்டி சிஸ்டர் வாய சுத்தம் பண்ணாங்க. நான் முதுகத் தேச்சிகினே இருந்தேன். அப்புறம் அழுதுச்சி."

இதை அவள் எங்களிடம் சொன்னதே இல்லை. நாங்கள் கேட்டதும் இல்லை.

"இது அனுபவம் இல்லாம இன்னா? சம்பளம் வாங்கினாத்தான் அனுபவமா?" சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். "படிக்கும்போது பயிற்சியில செஞ்சதுன்னு தெளிவா போட்டு, எந்த வார்டு, எத்தன வாரம், இன்னா செஞ்சேன்னு எழுதறதுல எங்கண்ணா பொய் கீது?"

எனக்குச் சுருக்கென்றது. பொய் சொல்லக் கூடாது என்று பயந்து, என் பிள்ளையின் மெய்யை நானே மறைக்கச் சொல்லியிருக்கிறேன். "மன்னிச்சிரு பாப்பா" என்றேன். "இங்க அழுவாதப்பா, செக்யூரிட்டி பாக்குறாரு" என்றாள்.

அன்றே பயோடேட்டாவைப் புதிதாக எழுதினாள். மேனேஜரிடம் கொடுக்காதே, நர்சுகளுக்குத் தலைமையாக இருப்பவரைப் பார்க்க வேண்டும் என்று கேள் என்று சிஸ்டர் சொல்லி அனுப்பினார். சனிக்கிழமை அவள் தனியாகவே வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கிருந்த தலைமை நர்ஸ் அம்மா நோட்டைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். வார்டுக்கு அழைத்துப் போய் ஒரு புண்ணுக்குக் கட்டு மாற்றச் சொல்லி, பக்கத்திலேயே நின்று கவனித்தார். முதல் நாளிலிருந்தே சம்பளம் என்று எழுதிய கடிதத்தோடு சுகந்தி வீட்டுக்கு வந்தாள். நானும் மனைவியும் முழங்காலில் நின்றோம்.

அந்த லைனை நிறுத்தியது சென்சார் என்று கம்பெனியில் எழுதிவைத்திருப்பார்கள். யார் நிறுத்தினார் என்று எனக்குத் தெரியும். அவருக்கே ஸ்தோத்திரம். ஆனால் கர்த்தர் வழி திறந்ததால், கதவை அடைத்தவர்கள் செய்தது நியாயம் ஆகிவிடாது. முன்பெல்லாம் அநியாயத்தைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்வேன். இப்போது ஒரு வார்த்தையாவது கேட்கிறேன். குரல் நடுங்குகிறது, ஆனாலும் கேட்கிறேன்.

வேலைக்காகக் காத்திருக்கிற பிள்ளைகளுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும் சொல்கிறேன். அழகாக ஜெபிக்கத் தெரியவில்லையே என்று தயங்காதீர்கள். கோபம் இருந்தால் கோபத்தோடே அவரிடம் போங்கள். அவர் கோபித்துக்கொள்வதில்லை. நம் சபையில் இரண்டு பிள்ளைகள் இந்த வருடம் நர்சிங் முடிக்கிறார்கள். அவர்கள் பேரைச் சொல்லி நான் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீங்களும் என்னோடு கேளுங்கள்.