வரப்பில் காவல் நின்ற பூட்ஸ்

எங்கள் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச வருவார் அவர். ஒல்லியான உடம்பு, நெற்றி நிறையத் திருநீறு, பாளம் பாளமாய் வெடித்த குதிகால். வரப்பிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் வயலில் இறங்குவார்.

போன மழைக்கு எலிக்காய்ச்சல் வந்து பிழைத்தார். வயல் எலியின் மூத்திரம் தண்ணீரில் கலந்து, கால் வெடிப்பு வழியாக உடம்பில் ஏறியதாம். பூட்ஸ் இல்லாமல் இனி இறங்கவே கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லி அனுப்பினார். துபாயிலிருந்து வந்த மகன் ரப்பர் பூட்ஸ் கொண்டுவந்தான். அதையும் வரப்பு வரைக்கும் போட்டு வந்து கழற்றி வைத்தார்!

"என்னண்ணே, வரப்புக் காவலுக்கா வாங்கியாந்தான் ஒங்க மகன்?" என்றேன்.

"சோறு போடுற தாயைப் பூட்ஸ் காலோட மிதிக்கவா தங்கச்சி? எலி பிள்ளையாரோட வண்டி. ஒருவாட்டி மோதிருச்சு, மறுபடியுமா மோதப்போகுது?"

"தாய் கோவிச்சுக்க மாட்டாண்ணே."

"நீ சொல்றே. அவ சொல்லலையே."

சிரித்துக்கொண்டே இறங்கினார். இந்த மழையில் மறுபடியும் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை.

விளக்கேற்றும்போதெல்லாம் அவர் நினைப்பு வந்துவிடுகிறது. கோபமில்லை என்று அந்த ஒரு வார்த்தையை அவரிடம் நீயே சொல்லியிருக்கக் கூடாதா, தாயே?