கொடி விழாத பிள்ளை

நாமுகேர்வாவுக்கு வாய் நீளம். உகாண்டாவில், மசாக்கா பக்கத்தில் தம்பிமார் வீடுகளில் எந்தப் பிள்ளை பிறந்தாலும், உதிர்ந்த தொப்புள்கொடியை வாழைக்கள் கலந்த தண்ணீரில் போடுவது அத்தைக்காரியான அவள்தான். மிதந்தால் குலத்துப் பிள்ளை, பெயர் உண்டு. மூழ்கினால் பெயரும் இல்லை, குல மயானத்தில் இடமும் இல்லை.

கடைசித் தம்பி டொனாட்டோவின் மகனுக்கு மாதம் ஒன்றாகியும் கொடி விழவில்லை. சுற்றிலும் சிவந்து புண்ணாகி, காய்ச்சல் அனலாய்க் கொதித்தது.

"தண்ணியில விழப் பயந்து ஒட்டிக்கிட்டுக் கிடக்கு. யாரு புள்ளைன்னு அதுக்குத் தெரியும்டி," என்றாள் தம்பி பெண்டாட்டி ப்ரோஸ்கோவியாவிடம்.

"புள்ள சாகக் கிடக்கு அண்ணி. இப்ப இதுதான் பேச்சா?"

நாமுகேர்வா பிள்ளையைத் தொடக்கூட இல்லை. டொனாட்டோவும் அக்கா பேச்சைக் கேட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அவனும் ஒரு ஆம்பிளை! அவன் கூட வருவான் என்று நாள் கணக்கில் பார்த்துவிட்டு, கடைசியில் ப்ரோஸ்கோவியா தனியாகத்தான் கம்பாலாவுக்குப் பஸ் ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் அப்பனின் ரத்தமும் வேண்டுமென்று சொல்லியனுப்பினார்கள். குட்டு வெளிப்படட்டும் என்று நாமுகேர்வாவும் கூடவே போனாள். சோதனை முடிந்ததும் டாக்டரம்மா மூவரையும் உட்கார வைத்தாள்.

"கிருமியோட சண்டை போடுற வெள்ளையணு இவன் ரத்தத்துல ஏராளமா ஓடுது. ஆனா புண்ணு இருக்குற இடத்துல அது குழாய்ச் சுவரைப் பிடிச்சு நின்னு, வெளியே இறங்கணும். அணுவோட மேற்பரப்புல இருக்குற ஒரு புரதம்தான் அதுக்குக் கை. இவனுக்கு அந்தக் கை இல்லை. அதான் புண்ணுல சீழ்கூட வைக்கலை, கொடியும் விழலை."

"இது யாரால வந்த வினை?" என்றாள் நாமுகேர்வா.

"அப்பன்கிட்டருந்து பாதி, ஆத்தாகிட்டருந்து பாதி. ரெண்டு பேருக்குமே அந்தப் புரதம் பாதிதான் இருக்கு. ஒருத்தர்கிட்ட மட்டும் குறை இருந்தா இந்த நோய் வராது."

நாமுகேர்வா கூனிக் குறுகிப்போனாள். வார்டுக்குள் போய், முதல் தடவையாகப் பிள்ளையைத் தூக்கினாள்.

"தண்ணியும் வேண்டாம், கள்ளும் வேண்டாம். கசூலே. எங்கப்பன் பேரு."

ப்ரோஸ்கோவியா திரும்பிப் பார்க்கவில்லை. "காய்ச்சல் அடிச்ச அன்னிக்கே தூக்கியிருக்கலாம் அண்ணி."

மருந்து தொடங்கத் தாமதமாகிப் போயிருந்தது. கசூலே பிழைக்கவில்லை. குல மயானத்தில், தன் அப்பனுக்குப் பக்கத்தில் இடம் காட்டியது நாமுகேர்வாதான்.

இப்போதும் அவள் வாய் குறையவில்லை. பிள்ளை பெற்ற வீட்டுக்கு மூன்றாவது வாரமே போய் நிற்பாள்.

"கொடி விழுந்துச்சா? விழலையா? பேச்சை விடு, கிளம்பு."

கொடி விழாத பிள்ளையை அவளே தூக்கிக்கொண்டு கம்பாலா பஸ்ஸுக்கு நடப்பாள்.