மிளகாய்ப் பொட்டலத்தில் வந்த சாவி

நான் படித்தது நாலாம் வகுப்பு வரைதான். எழுத்து கோணலாக இருக்கும், மறதியும் கூடிவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள். நம் தொழிலாளர் சங்க மலருக்கு உங்கள் வேலையைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று கேட்டபோது, பெருக்கித் துடைத்ததில் எழுத என்ன இருக்கிறது என்று வெட்கமாக இருந்தது. பிறகு இதை மட்டும் எழுதலாம் என்று தோன்றியது.

அரக்கு உருக்கும் வேலை

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். திருவனந்தபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்தேன். அமெரிக்க டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசி அனுப்புவதை இங்கே ஹெட்போன் மாட்டிக் கேட்டு டைப் அடிப்பார்கள். அதையெல்லாம் தினமும் டேப்பில் ஏற்றி லாக்கரில் வைப்பார்கள். பேக்கப் என்று பெயர்.

சர்வர் ரூமைப் பார்த்துக்கொண்ட பினு சார் மலையாளி. எதைக் கேட்டாலும் முகம் சுளிக்காமல் சொல்லித் தருவார்.

"சேச்சி, டேப்பு களவு போனாலும் பயப்படண்டா. எழுத்தெல்லாம் குலைச்சுப் போட்டுத்தான் எழுதும். சாவி இல்லாம ஒருத்தனுக்கும் வாசிக்கப் பற்றாது."

யாராலும் வாசிக்க முடியாதாம். அதுதான் என்கிரிப்ஷன். சாவி என்றால் இரும்புச் சாவி இல்லை. நாலு நாலாகப் பிரித்த எழுத்தும் எண்ணுமாகச் சில வரிகள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள். மெஷின் கெட்டுப்போனால் வேண்டுமே என்று ஒரே ஒரு தாளில் பிரிண்ட் எடுத்து, கவரில் போட்டு, அரக்கு வைத்து, இரும்பு அலமாரியில் பூட்டுவார்கள். அரக்கை உருக்கிக் கொடுப்பது நான். பினு சார் உருக்கினால் விரலைச் சுட்டுக்கொள்வார். அப்படித்தான் அந்தத் தாளை நான் பக்கத்தில் பார்த்தேன். இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. ஆனால் எழுத்துகள் நாலு நாலாக வரிசை பிடித்து நின்றது கண்ணில் பதிந்துவிட்டது.

நான் செய்த தப்பு

வேண்டாத தாளையெல்லாம் கட்டடத்துக்குப் பின்னால் பீப்பாயில் போட்டு எரிக்க வேண்டும். அதுவும் என் பொறுப்பு. ஜூன் மாதத்து இடவப்பாதி மழை பிடித்ததும் தீ நிற்காது. புகை ஜன்னல் வழியே ஏறினால் மேலேயிருந்து சத்தம் போடுவார்கள். நல்ல கட்டித் தாள் வீணாகிறதே என்று, ஆரியசாலையில் கடை வைத்திருந்த என் கொழுந்தன் செல்வராஜுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மிளகாய் வற்றலும் மல்லியும் பொதிய அவருக்கு உதவும். தப்பு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு சனிக்கிழமை வற்றல் வாங்கப் போனேன்.

"மைனி, உங்க ஆபீஸ் தாளுல்லா இது! ஒரு கிலோ வச்சாலும் கிழியாது" என்று சிரித்துக்கொண்டே செல்வராஜ் பொதிந்தார். நூல் சுற்றும்போது பார்த்தேன். கசங்கிய தாள், ஓரம் கிழிந்திருந்தது. நாலு நாலு எழுத்து.

"கெட்டண்டாம். அதை இங்க தாரும்."

"ஏன் மைனி, வத்தலுல பூச்சியா?"

"வத்தலுக்கு ஒண்ணும் இல்ல. தாளுதான்."

மீதி ஒரு கட்டு பலகைக்கு அடியில் இருந்தது. மற்றதெல்லாம் பொட்டலமாக ஊர் முழுக்கப் போய்விட்டது. விஷயத்தைச் சொன்னதும் அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அடுப்புல போட்டுட்டுச் சும்மா இருங்க மைனி. யாருக்குத் தெரியப்போவுது? வேலைய விட்டுட்டு எங்க போவிய?"

அவர் சொன்னது சரிதான். வீட்டுக்காரர் தவறியபின் அந்த வேலைதான் எங்களுக்குச் சோறு. மகள் அந்த வருஷம்தான் நர்சிங் சேர்ந்திருந்தாள். என் வேலை போனால் அவள் படிப்பும் போகும். மறுநாள் ஆராதனையில் ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை. தாளை எரித்துவிடலாம். ஆனால் வேறு யார் கண்ணில் பட்டதோ, யாருக்குத் தெரியும்? நான் மறைத்தால் அந்தச் சாவிதானே நடப்பில் இருக்கும்?

திங்கட்கிழமை

மேனேஜர் ராஜம் மேடம் கோட்டைக்குள் அக்ரகாரத்துக்காரர். கண்டிப்பானவர். அவர் அறையில் பினு சாரும் இருந்தார். தாளை மேசைமேல் வைத்தேன். பினு சார் முகம் வெளுத்துவிட்டது.

"ஈஸ்வரா! இது எவிடுந்து கிட்டி சேச்சி?"

"மொளகாப் பொட்டலத்துலேருந்து சார்."

எல்லாவற்றையும் சொன்னேன். மேடம் எழுந்தே விட்டார். "எரிக்கச் சொன்னதை யாரைக் கேட்டுண்டு வெளில எடுத்துண்டு போனே?"

"யாரையும் கேக்கல மேடம். தப்புதான். என்னைய அனுப்பினாலும் சரி, சாவியை மாத்திருங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

பினு சார் குறுக்கே வந்தார். "மேடம், பிரிண்டர்ல சிக்கின தாளை வேஸ்ட்ல போட்டது நானாணு. சேச்சி அல்ல."

மேடம் அந்தத் தாளை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "பேஷ்! கவருக்கு அரக்கு, சாவிக்குக் குப்பைத் தொட்டி!" என்று அவரைப் பார்த்துச் சொன்னார். பிறகு என்னிடம், "இதைச் சொல்லாம இருந்திருக்கலாமே நீ?" என்று கேட்டார்.

"இருந்திருக்கலாம் மேடம்."

"போய் வேலையைப் பாரு" என்றார். பார்த்தேன்.

டேப்புகள் லாக்கரிலேயே பத்திரமாக இருந்ததால் சாவி மட்டும் கிடைத்தவனுக்குப் பிரயோஜனம் இல்லையாம். ஆனாலும் விடக்கூடாது என்று பினு சார் இரண்டு நாள் உட்கார்ந்து, எல்லா டேப்பையும் புதுச் சாவியில் மாற்றி எழுதினார். கடையிலிருந்து நான் திருப்பிக் கொண்டுவந்த கட்டுக்குள் வேறு சாவி இல்லை. ஆனால் யார் யாருடைய வியாதியோ இருந்ததாம். முகம் தெரியாத மனுஷருடைய நோயில் ஊரார் மல்லி பொதிந்துகொண்டு போயிருக்கிறார்கள். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

அந்த மாதமே தாளைப் பொடியாக நறுக்கும் ஷ்ரெடர் மெஷின் வந்தது. "இனிமே தங்கபாயைத் தாண்டி ஒரு தாள் வெளில போகப்படாது, நானா இருந்தாலும்" என்று மேடம் என் பெயரைச் சொல்லி எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். ஒருமுறை அவரே ஒரு தாளை மடித்துக் கைப்பையில் வைத்தார். அவர் மேனேஜர்தான். இருந்தாலும் "மேடம், அது?" என்றேன். எடுத்து என் கையில் கொடுத்தார். ஓய்வு பெறும்வரை ஷ்ரெடர் ரிஜிஸ்டரில் என் கையெழுத்துதான், தமிழில்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கம்ப்யூட்டரில் எத்தனை பூட்டுப் போட்டாலும் எங்கேயாவது ஒரு தாளாக அது வெளியே வரும். அந்தத் தாள் உங்கள் கையில்தான் வந்து சேரும். தப்பு நடந்துவிட்டால் உடனே போய்ச் சொல்லுங்கள். சாவி போனது தெரிந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

வருஷமும் மெஷின் விவரமும் நான் தப்பாக எழுதியிருக்கலாம். சங்கத்தில் தெரிந்தவர் யாராவது பார்த்துத் திருத்திப் போடுங்கள். அந்தத் திங்கட்கிழமை மேடத்தின் கதவைத் தட்டியது நானேதான். அதில் மட்டும் திருத்த ஒன்றும் இல்லை.