இடைப்படம் போடுகிறவன்

ஜப்பானில் கார்ட்டூன் படங்கள் எடுத்துப் பெரும் பெயர் வாங்கிய ஒரு டைரக்டரைப் பற்றி வாரப் பத்திரிகையில் படித்தேன். ஏறக்குறைய என் வயதுதான். அறுபதுகளில் நான் சேர்ந்த அதே வேலையில்தான் அவரும் சேர்ந்திருக்கிறார். கட்டுரையின் முதல் பத்தி வரை எனக்கும் அவருக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. அடுத்த பத்தியில் அவர் எழுந்து மேலே போய்விட்டார். நான் அதே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். பொறாமையா என்று கேட்டால், பொறாமைப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

வேலையைச் சொல்லிவிடுகிறேன். கோடம்பாக்கத்தில் விளம்பரக் கார்ட்டூன் எடுக்கும் ஒரு சின்ன இடம். ஓர் ஆள் கையைத் தூக்க வேண்டுமென்றால், கை கீழே இருக்கும் படத்தையும் மேலே போய்விட்ட படத்தையும் எங்கள் டைரக்டர் போடுவார். அவை மெயின் படங்கள். கை ஏறிப்போகிற அத்தனை இடைப்படங்களும் எங்கள் தலையில். அடியில் விளக்கு எரியும் மேஜையில் தாள்மேல் தாள் வைத்து, மயிரிழை மயிரிழையாக நகர்த்திப் போட வேண்டும். சாயங்காலத்துக்குள் கண் பூத்துவிடும்.

நைனா, அதாவது என் அப்பா, விவசாயக் கூலியாக இருந்து பிறகு ஆவடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தவர். காக்களூரிலிருந்து இருவரும் நடந்துபோய் திருவள்ளூரில் ஒரே பாசஞ்சரைப் பிடிப்போம். நீ போட்ட படத்தைக் காட்டு, காட்டு என்று கேட்டுக்கொண்டே இருப்பார். ஒருமுறை கொட்டகையில் எங்கள் சோப்பு விளம்பரம் வந்தது.

"எதுடா நீ போட்டது?"

"அவன் கையத் தூக்குனான் பாத்தியா நைனா? கீழ இருந்து மேல போறதுக்குள்ள நடுவுல வந்தது நானு."

"நடுவுல ஒண்ணும் காணமே."

அவர் சொன்னதில் தப்பில்லை. கண்ணில் தனியாகப் பட்டால் அது மோசமான இடைப்படம். ஆனாலும் 'இதோ, இது நான் போட்டது' என்று ஒரே ஓர் ஆளையாவது திரையில் அசையவிட்டு அவருக்குக் காட்டிவிட வேண்டும் என்ற வெறி எனக்கு அன்றைக்குத்தான் பிடித்தது.

எழுபதுகள் பிறந்த பிறகு வாய்ப்பு வந்தது. ஒரு டானிக் விளம்பரம். குடிக்கும் முன் ஒருவன் சோர்ந்து தூங்குவான், குடித்தபின் துள்ளுவான். துள்ளலை டைரக்டர் வைத்துக்கொண்டார்.

"தூங்கறவன நீயே முழுசா போடுய்யா. நீதான் தெனம் தூங்கிக்கினே வர்றியே. நல்லா வந்துச்சுன்னா இனிமே மெயின் படம் உனக்கு" என்றார்.

யாரைப் போடுவது என்று நான் யோசிக்கவே இல்லை. ரயிலில் எதிர் சீட்டிலேயே இருந்தார். நைனாவின் தலை ஒரேயடியாக விழாது. முதலில் வாய் லேசாகத் திறக்கும். மோவாய் இறங்கும். மார்பைத் தொட்டதும் வெடுக்கென்று நிமிரும், கண் மட்டும் திறக்காது. மறுபடி இறங்கும். மடியில் சாப்பாட்டுத் தூக்கைப் பிடித்த கை தளரவே தளராது. அத்தனையும் போட்டேன். தாள்களைச் சரசரவென்று புரட்டியபோது அவர் தூங்கினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. டைரக்டர் தோளைத் தட்டினார்.

பென்சில் படத்தைக் கண்ணாடித் தாளில் நகலெடுத்து, வண்ணம் தீட்டி, காமிராவுக்கு அடியில் ஒவ்வொன்றாக வைத்துப் பிடிப்போம். கண்ணாடித் தாளுக்கு அப்போது பெரிய பஞ்சம். அதனால் பிடித்து முடித்த தாள்களைத் தொட்டியில் ஊறப்போட்டுக் கழுவி, அடுத்த படத்துக்கு எடுத்துக்கொள்வது வழக்கம். லேபிலிருந்து பிரதி வந்து, அதைப் பார்த்த பிறகுதான் கழுவ வேண்டும். ஆனால் அடுத்த விளம்பரக்காரர்கள் கழுத்தில் துண்டைப் போட்டு இறுக்கினார்கள்.

"கழுவுங்கப்பா, எல்லாம் நல்லாத்தான் வந்திருக்கும்" என்றார் டைரக்டர்.

நானும் சேர்ந்து கழுவினேன். நைனாவின் சட்டை நீலம் தண்ணீரில் கரைந்தது. அப்போது அது துக்கமாகக்கூடத் தோன்றவில்லை, எப்போதும் செய்கிற வேலைதானே.

பிரதி வந்தது. துள்ளுகிறவன் ஜோராகத் துள்ளினான். தூங்குகிறவன் வருகிற இடத்தில் எப்படியோ வெளிச்சம் புகுந்து, பிலிம் வெறும் வெள்ளையாக இருந்தது. பென்சில் தாள்கள் இருந்தன. எல்லாவற்றையும் மறுபடி நகலெடுத்துத் தீட்ட நேரம் இல்லை.

"ஒரே ஒரு படம் தீட்டிக் குடு. அதையே நிறுத்திக் காட்டிடலாம். தூங்கறவன் அசையணும்னு இன்னா இருக்குது?" என்றார் டைரக்டர்.

தீட்டிக் கொடுத்தேன். சண்டை போட்டிருக்கலாம். ஆனால் பாசஞ்சருக்கு நேரமாகிவிட்டிருந்தது. என் வீரம் அவ்வளவுதான். மெயின் படம் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த இடத்தை மூடும்வரை இடைப்படம்தான் போட்டேன்.

விளம்பரம் திருவள்ளூருக்கு வந்தது. நைனாவிடம் முன்பே பெருமையடித்துவிட்டதால் பின்வாங்க முடியவில்லை. வேலை முடிந்து வந்தவர் முகம் கழுவி, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். கொட்டகை பெஞ்சில் தூக்கத்தை அடக்கிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். திரையில் அவரே வந்தார். மோவாய் மார்பில், கை தூக்கின்மேல்.

"இதான் நைனா. இது முழுக்க நான் போட்டது."

அவர் கண்ணை எடுக்காமல் பார்த்தார்.

"இன்னாடா, அந்தாளு செத்துட்டானா?"

"இல்ல நைனா. தூங்குறாரு."

"தூங்கறவன் ஆடுவான்டா" என்றார், என் மனம் நோகக்கூடாதென்று மெதுவாக. "ரயில்ல எத்தினி பேரப் பாக்குறோம்."

அதற்குள் துள்ளுகிறவன் வந்துவிட, கொட்டகை சிரித்தது. அது நீதான் நைனா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.