ஒன்பது பட்டைச் செஸ் போர்டு

போன திங்கட்கிழமை காலை, ஒரு செஸ் போர்டைத் தலையில் சுமந்துகொண்டு கச்சிராயபாளையத்தில் இருக்கிற என் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போனேன். கடையில் விற்கிற அட்டை இல்லை. நல்ல கனமான மரப்பலகை. மேலே ஒரு பழைய துண்டு போட்டு மூடியிருந்தேன். எதிரே வந்த அம்மா ஒருவர், "இன்னா டீச்சர், பணியாரப் பலகையா?" என்று கேட்டார். பணியாரத்துக்குப் பலகை எதற்கு என்று நான் யோசிப்பதற்குள் அவர் போய்விட்டார்.

பஸ்ஸில் போகக்கூடாதா என்று கேட்பீர்கள். எந்த ஊரில் இருக்கிறீர்கள்? இட ஒதுக்கீட்டுப் போராட்டம் தொடங்கியதிலிருந்து எங்கள் பக்கத்தில் ரோடு இருக்கிறது... ரோட்டின் மேல், மறியலுக்கு வெட்டிப் போட்ட புளியமரம் படுத்திருக்கிறது... பஸ் மட்டும் இல்லை.

கதை அதற்கு முந்தின வியாழக்கிழமை தொடங்கியது.

நான் கணக்கு டீச்சர். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள். (இதை இந்தப் பக்கத்தில் எத்தனை தடவை எழுதிவிட்டேன் என்று நீங்கள் எண்ணிக்கொண்டிருக்கலாம். எண்ணுங்கள். இன்னும் எழுதுவேன்.) என் வகுப்புப் பெண்கள் சிலருக்கு மதிய இடைவேளையில் செஸ் கற்றுக்கொடுத்திருந்தேன். காய்கள் இருந்தன. அட்டைதான் மழையில் நனைந்து அப்பளமாகிவிட்டது. அதனால் வராந்தாவில் சாக்பீஸால் கட்டம் போட்டு விளையாடினார்கள்.

பள்ளி விளையாட்டு விழாவுக்குப் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. மாணவிகளுக்குச் செஸ்ஸையும் சேர்க்கச் சொல்லி டிரில் சாரிடம் கேட்டேன்.

"சாக்பீஸ் கட்டத்துல போட்டி வெக்க முடியுமா டீச்சர்? திங்கக்கெழம காலைல பட்டியல் ஹெட்மாஸ்டர்கிட்ட போவுது. அதுக்குள்ள ஒழுங்கா ஒரு போர்டு கொண்டாங்க, சேத்துடறேன்."

பஸ் ஓடாத வாரத்தில் கள்ளக்குறிச்சிக் கடைக்கு எப்படிப் போவது? போக முடியாது என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும்.

பக்கத்தில் கனகா நின்றுகொண்டிருந்தாள். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து, ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற பெண். வாரத்துக்கு இரண்டு தடவை என்னையே தோற்கடிக்கிறவள். தன் மகள் விளையாடுவதைப் பார்க்க மலையிலிருந்து அவள் அப்பா நடந்தே வரப்போகிறார் என்று ஹாஸ்டல் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். டிரில் சார் சொன்னதைக் கேட்டாள். குனிந்து காய்களைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

"செஞ்சே கொண்டாறேன் சார்... மரத்துல!" என்று சொல்லிவிட்டேன்.

வாய். எல்லாம் இந்த வாய்தான்.

ஆனால் வெறும் வாய் இல்லை. என் அப்பா ஏர், வண்டி, கதவு, ஜன்னல் எல்லாம் செய்கிறவர். அவரிடம் மரமும் ரம்பமும் இருந்தன. என்னிடம் ஒரு யோசனை இருந்தது.

செஸ் போர்டில் அறுபத்து நாலு கட்டம். ஒவ்வொன்றாக அறுத்து ஒட்டினால் பொங்கல் வந்துவிடும். அதற்குப் பதிலாக எட்டு நீளப் பட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் ஒன்று, கறுப்பு ஒன்று என்று மாற்றி மாற்றிப் பக்கம் பக்கமாக ஒட்டுங்கள். காய்ந்ததும் குறுக்கே வரிசை வரிசையாக அறுங்கள். ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையை வலது இடதாகத் திருப்பி வையுங்கள். மஞ்சளுக்குப் பக்கத்தில் கறுப்பு வந்துவிடும். கட்டம் தயார்! நானே காகிதத்தில் வெட்டிக் கண்டுபிடித்தது.

அப்பா காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யோசன நல்லாதான் இருக்குது பாப்பா. எட்டு அங்குலப் பலகையில நாலு பட்டைன்னு எழுதிக்கிற. ரம்பத்துக்குத் தீனி?"

ஒவ்வொரு அறுப்பிலும் ரம்பம் கொஞ்சம் மரத்தைத் தூளாக்கித் தின்றுவிடும். பி.எஸ்ஸி. கணிதத்தில் அதற்குப் பாடம் இல்லை.

அதனால் அப்பா அகலமான பலகையாகவே தேடி எடுத்தார். மஞ்சளுக்குப் பலா. கறுப்புக்கு, உடைந்த மாட்டுவண்டியின் கருவேலக் கட்டை... வருஷக்கணக்கில் மசகு குடித்துக் கறுத்தது. அன்று மாலை அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் ரம்பம் பிடித்தோம். பலா வெண்ணெயாக அறுந்தது. கருவேலம் என் உள்ளங்கையில் இரண்டு கொப்புளம் கொடுத்துவிட்டுத்தான் அறுந்தது.

மறுநாள் நான் பள்ளிக்கூடம் போய்விட்டேன். மாலை வந்தபோது, அப்பா வஜ்ஜிரப் பசை காய்ச்சிப் பட்டைகளை ஒட்டி, கயிறு கட்டி, ஆப்பு அடித்து, சாக்கு போட்டு மூடியிருந்தார். "காயற வரைக்கும் தொறக்காத" என்றார். திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை அரை நாள் பள்ளிக்கூடம். மத்தியானம் திரும்பி வந்தால், அப்பா குறுக்கே அறுத்தே முடித்து வரிசைகளைத் தரையில் அடுக்கி வைத்திருக்கிறார். பட்டறையில் முனியன் மாமாவும் உட்கார்ந்திருந்தார். கரும்பு வண்டி ஓட்டுகிறவர். ரோட்டில் மரம் கிடந்ததால் வண்டி நின்று, பொழுது போகாமல் வந்திருந்தார்.

பார்க்க ஆள் இருந்தால் எனக்குக் கொஞ்சம் உற்சாகம் வந்துவிடும். "மாமா, இப்ப பாருங்க!" என்று இரண்டாவது வரிசையைத் திருப்பி வைத்தேன்.

ஒன்றும் ஆகவில்லை. மஞ்சளுக்கு நேராக மஞ்சள். கறுப்புக்கு நேராகக் கறுப்பு. நீளநீளமாகக் கோடு.

தப்பாகத் திருப்பிவிட்டேனோ? மறுபடி திருப்பினேன். நாலாவது வரிசையைத் திருப்பினேன். ஆறாவதைத் திருப்பினேன். கோடு கோடாகவே இருந்தது, ஜமக்காளம் மாதிரி.

"இன்னா டீச்சரம்மா, தோசையாட்டம் திருப்பிக்கினே இருக்கிற? வெந்துச்சா இல்லியா?"

என் முகம்தான் வெந்தது. காகிதத்தில் வந்தது மரத்தில் ஏன் வரவில்லை? மூன்று வருஷம் படித்த கணக்கெல்லாம் பொய்யா? கனகாவுக்கு என்ன பதில் சொல்வேன்?

முனியன் மாமா எழுந்து வந்து விரலால் எண்ணினார். "மஞ்சளுக்கு அஞ்சு... கறுப்புக்கு நாலு. இன்னா மச்சான் இது, ஓரவஞ்சனை? ரோட்டுல இருக்கிறவங்களுக்குத் தெரிஞ்சா உன் பட்டறை வாசல்லயும் ஒரு மரத்த வெட்டிப் போட்டுடுவாங்க!"

அஞ்சும் நாலும்?

எண்ணினேன். ஒன்பது பட்டை.

"அப்பா!"

"எட்டு ஆவாது பாப்பா," என்றார் அப்பா, இழைப்புளியிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் செஞ்ச ஜன்னல்ல எங்கனா எட்டுக் கம்பி பாத்துக்கிறியா? ஏணிக்கு எட்டுப் படி வெச்சிருக்கிறனா? ஒத்தப்படையிலதான் முடிக்கணும். பலாவுல ஒரு பட்ட மீந்துது, சேத்துட்டேன்."

"இது ஜன்னல் இல்லப்பா."

"மரந்தான?"

"அந்த ஆட்டமே எட்டுக்கு எட்டுதாம்ப்பா!"

"அத்தக் கண்டுபுடிச்சவனுக்கு எடுத்துச் சொல்ல ஆளில்ல போலக்குது." பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "பொம்பளப் புள்ளைங்க மொதமொத போட்டிக்குப் போவுதுங்கன்னு நீதான சொன்ன? எட்டுல அனுப்புவியா?"

நான் பக்கத்தில் உட்கார்ந்து காட்டினேன். எட்டு என்றால் ஒரு முனை மஞ்சள், மறுமுனை கறுப்பு. திருப்பினால் மாறும். ஒன்பது என்றால் இரண்டு முனையும் மஞ்சள். எப்படித் திருப்பினாலும் அதே முகம். அப்பா ஒரு வரிசையைக் கையில் எடுத்தார். திருப்பினார். மறுபடி திருப்பினார். மரம் அவர் பேச்சையும் கேட்கவில்லை.

"ம்," என்றார். அவர் தோல்வியை ஒப்புக்கொண்டு நான் கேட்ட மிக நீண்ட வாக்கியம் அதுதான்.

ஒவ்வொரு வரிசையிலும் ஓரத்து மஞ்சள் கட்டத்தை நறுக்கினோம். குறுக்கேயும் அப்பா ஒன்பதாகத்தான் அறுத்திருந்தார்; மிஞ்சிய ஒன்பதாவது வரிசையை ஒதுக்கி வைத்தோம். இப்போது திருப்பினேன். பளிச்சென்று கட்டம் கட்டமாக வந்தது! முனியன் மாமா கை தட்டினார். அப்பா மட்டும் கை தட்டவில்லை. "எட்டுல முடிச்ச சாமான் என் பட்டறைய வுட்டுப் போவாது" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

ஞாயிற்றுக்கிழமை அடிப்பலகையில் எல்லாவற்றையும் ஒட்டி, சுற்றிச் சட்டம் அடித்தார். மாலையில் டீ கொண்டுபோனால், போர்டைக் குப்புறப் போட்டு அடிப்பக்கம் நடுவில் உளியால் சதுரமாகத் தோண்டிக்கொண்டிருக்கிறார். நறுக்கி எறிந்த மஞ்சள் கட்டங்களில் ஒன்றை எடுத்து அதில் பதித்து, கையால் தடவினார்.

"மேல உனுக்கு எட்டு. கீழ எனக்கு ஒண்ணு. போதுமா?"

மூடநம்பிக்கை என்று ஆரம்பிக்க வாயைத் திறந்தேன். பரீட்சைக்கு முன்னால் ராகுகாலம் பார்த்துப் பேனாவுக்கு மை ஊற்றியவள் ஞாபகத்துக்கு வந்தாள். வேறு யார்? நான்தான். வாயை மூடிக்கொண்டேன். ஒருவரது நம்பிக்கையோடு வாதாடி ஜெயிக்கலாம். ஆனால் ரம்பம் அவர் கையில் இருக்கும்போது வேண்டாம்.

திங்கட்கிழமை. ரோட்டில் கிடந்த புளியமரத்தைத் தாண்ட முடியாமல் நின்றேன். மறியலில் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து வந்து போர்டை வாங்கி, நான் ஏறி இறங்கியதும் மறுபக்கம் கொடுத்தார். "பாத்துப் போங்க டீச்சர், பலக அழகா இருக்குது."

டிரில் சார் மேசையில் போர்டை வைத்தேன். நீளவாட்டில் எண்ணினார். குறுக்குவாட்டில் எண்ணினார். ஸ்கேலால் அளந்தார். வலது கை மூலையில் மஞ்சள் கட்டம் வருகிறதா என்று பார்த்தார். ஒரு குறையும் கிடைக்காமல், கடைசியாகத் திருப்பிப் பார்த்தார்.

"இது இன்னா டீச்சர், தனியா ஒண்ணு?"

"அது எங்கப்பாவுக்கு ஒதுக்கின இடம் சார்."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பேனாவை எடுத்தார். வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கனகா, அவர் எழுதி முடிப்பதற்குள் உள்ளே வந்து காய்களை அடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

நான் பட்டியலைப் பார்த்தேன். மாணவிகளுக்கு அதுவரை எட்டுப் போட்டிகள் இருந்தன. செஸ் ஒன்பதாவது.

இதை அப்பாவிடம் நான் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்... அப்புறம் அவரோடு ஒரே வீட்டில் இருக்க முடியாது!