வார்சினாவின் ‘சரிங்க’

நிழல் கிணற்றடியைத் தொடுவதற்குள் வார்சினா தட்டுகளை இழுக்கத் தொடங்கிவிடுவாள். கட்டில் அகலத்துக்கு மூங்கில் தட்டுகள். அவற்றின்மேல், இடியாப்பம் போலச் சுருட்டிப் பிழிந்து ஆவியில் வேகவைத்த மரவள்ளி வத்தல் காய்ந்துகொண்டிருக்கும். மேற்கே எழும்பிக்கொண்டிருக்கிற அடுக்குமாடியின் நிழல், பொழுது சாய்ந்ததும் மதிலைத் தாண்டி முற்றத்துக்குள் இறங்கும். அது ஒரு முழம் வந்தால் இவள் தட்டை ஒரு முழம் இழுப்பாள். இழுத்துக்கொண்டே நிழலைப் பார்த்து, “வாங்க, வாங்க, உட்காருங்க” என்பாள். வந்தவரை வாங்க என்று சொல்லாமல் இருக்க அவளுக்குத் தெரியாது, வந்தது நிழலே ஆனாலும்.

வத்தல் காய்ந்ததா என்று அவள் கண்ணால் பார்ப்பதில்லை. காதருகே வைத்து ஒடிப்பாள். ‘டக்’ என்றால் காய்ந்தது. சத்தமில்லாமல் மடங்கினால் உள்ளே ஈரம் இருக்கிறது. ஈர வத்தல் எண்ணெயில் பூக்காது, கல்லாகக் கிடக்கும். செமாராங் நகரம் வயலையெல்லாம் விழுங்கிவிட்டு வாருசாரி கிராமத்தின் கழுத்துவரை வந்த பிறகு, வெயில் விழுகிற வெற்றுத் தரை என்று ஊரில் மிஞ்சியது அவள் முற்றம் ஒன்றுதான். முற்றம் போனால் வத்தல் போயிற்று. வத்தல் போன பிறகு அந்தக் கைகளை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

அவள் கணவன் ராதிமின் அந்த அடுக்குமாடியில்தான் சிமெண்ட் சுமக்கிறான். காலையில் அவன் கிளம்பும்போது, “உங்க முதலாளிகிட்டச் சொல்லி அந்த நிழலைக் கொஞ்சம் அந்தாண்ட போடச் சொல்லுங்க” என்பாள். “சரிங்க மகாராணி” என்று அவன் போய்விடுவான்.

இந்த ‘சரிங்க’ இருக்கிறதே, அதுதான் விஷயம். யார் பேசினாலும், அவர் மூச்சு விடுகிற இடத்திலெல்லாம் வார்சினா ஒரு சரிங்க போடுவாள். ஊரே அப்படித்தான். அங்கே அந்தச் சொல்லுக்குச் சம்மதம் என்று பொருள் கிடையாது. என் காது உங்களிடம் இருக்கிறது என்று பொருள், அவ்வளவுதான். வீடு தேடி வந்தவர் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்வது, செருப்பைக் கழற்றி அடிப்பதற்குச் சமம். அதனால் முடியாது என்பதையும் சரிங்க என்றே சொல்வார்கள். கொஞ்சம் இழுத்து, தரையைப் பார்த்து. அவள் குமரியாக இருந்தபோது அரிசி ஆலைக்காரர் தன் மகனுக்குப் பெண் கேட்டு வந்தார். அவளுடைய அப்பா அந்தச் சொல்லை மூன்று தரம் இழுத்தார். ஆலைக்காரர் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு, சிரித்த முகத்தோடு எழுந்து போனார். புரிகிறவர்களுக்கு அது போதும்.

வெயில் காலத் தொடக்கத்தில் முற்றத்துக்கு வந்தவருக்குப் புரியவில்லை. ராதிமின் வேலை செய்கிற அடுக்குமாடிக் கம்பெனி அனுப்பிய நகரத்து ஆள், பளபளக்கும் காலணி. தட்டுகளுக்கு நடுவே நின்று, கையிலிருந்த செல்பேசியை அவள் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு பேசினார்.

“அம்மா, இந்தப் பக்கமா ரோடு வரப்போகுது. இந்த முற்றம் எங்களுக்கு வேணும்.”

“சரிங்க.”

“உங்களுக்கு வேற நல்ல இடம் பார்த்துத் தருவோம்.”

“சரிங்க…”

“அப்போ சம்மதம்தானே?”

“சரீ…ங்…க.” தரையைப் பார்த்தாள். இதைவிட அழுத்தமாக ஒருத்தி எப்படி மறுப்பாள்?

அவர் நன்றி சொன்னார். கொடுத்த தேநீரை அடிச் சர்க்கரை வரைக்கும் குடித்தார். காலிக் கோப்பையைக் கையில் வாங்கியபோதுதான், தன் மறுப்பு அவருக்கு எட்டவே இல்லை என்று அவளுக்கு உறைத்தது.

மறுநாள் காலையில் கிணற்றருகே சிவப்புச் சாயம் பூசிய முளைக்குச்சி ஒன்று நட்டிருந்தது. கிழக்கு வீட்டுக் கூஸ்னியும் இப்படித்தான் ஒரு விருந்தாளிக்குச் சரிங்க சொன்னான். முதலில் முளை வந்தது, பிறகு மதில் வந்தது. இப்போது அவன் குடும்பம் சந்தைக்குப் பின்னால் ஒற்றை அறையில் கிடக்கிறது.

அன்றோடு வார்சினா அந்தச் சொல்லை விட்டுவிட்டாள். கீரைக்காரி கூப்பிட்டால் உதட்டை இறுக்கிக்கொண்டு விரலால் காட்டுவாள். பள்ளிவாசலில் பெண்கள் கூடிப் பேசும்போது சரிங்க வரவேண்டிய இடத்தில் இருமுவாள். மருந்து கொடுக்கட்டுமா என்று கேட்டவளுக்கும் இருமலையே பதிலாகக் கொடுத்தாள். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் போதும், அடுக்களைக்குள் ஓடி, வத்தல் அவிக்கும் பானைக்குப் பின்னால் குந்திக்கொள்வாள். முளையை அவள் தொடவில்லை. பாம்புப் புற்றைச் சுற்றிப் பெருக்குவதுபோல அதைச் சுற்றிப் பெருக்கினாள்.

“தூக்கத்துல கூடச் சரிங்க சரிங்கன்னு முனகறே” என்றான் ராதிமின்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. “யாராவது கேட்டாங்களா?”

“நான்தான் கேட்டேன். அது இருக்கட்டும், நீ முடியாதுன்னு சொன்னா என்னை வேலையிலேருந்து இறக்கிடுவாங்களோ?”

“இறக்கினா தட்டு இழுக்க ரெண்டு கை கூடும்” என்றாள். சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கும் அந்தப் பயம் இருந்தது.

தெருத் தலைவர் தார்ஜோ வந்து விஷயத்தை உடைத்துச் சொன்னார். “தங்கச்சி, அந்த ஆள் செல்பேசியில நீ சரிங்கன்னு சொன்ன படம் இருக்கு. நாளைக்குச் சாயங்காலம் திரும்ப வரார். நீ மாட்டேன்னு சொன்னா அதையும் பிடிச்சுக்கறேன்னு ஒத்துக்கிட்டார். நான் சொன்னா செல்லாது. உன் பதில் அதுல பதியணும்.”

“அண்ணே, வீட்டுக்கு வந்தவரை எப்படிண்ணே…”

“அப்போ கூஸ்னி வீட்டுக்குப் பக்கத்துல ஒரு அறை பார்த்துக்கோ.”

பக்கத்து வீட்டு முர்யாதி அவளுக்குப் பயிற்சி கொடுத்தாள். வார்சினாவின் வத்தலை வாங்கிப் பொரித்துப் பேருந்து நிலையத்தில் விற்கிறவள், வாய் நீளம். விசிறியைச் செல்பேசி போலப் பிடித்துக்கொண்டு, வயிற்றைத் தள்ளி நின்றாள்.

“என்னம்மா, முற்றத்தைத் தரீங்களா?”

“சரி…” வார்சினா தன் வாயிலேயே ஓர் அடி போட்டுக்கொண்டாள்.

“அக்கா! மாட்டேன். சொல்லுங்க. மா… ட்… டேன்.”

“மா…” அதற்குமேல் வரவில்லை.

“ஆடு மாதிரிக் கத்தச் சொல்லலைக்கா!”

இருவரும் சிரித்தார்கள். அன்று வார்சினா கோழிகளிடம் மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தாள். கோழிகளிடம் நன்றாகத்தான் வந்தது.

மறுநாள் சாயங்காலம் நகரத்து ஆள் வந்தார். தார்ஜோ கூடவே நின்றார். வேலிக்கு அந்தப் பக்கம் முர்யாதி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செல்பேசி உயர்ந்தது.

“என்னம்மா, அன்னிக்குச் சொன்னதுதானே இன்னிக்கும்?”

வார்சினாவின் வாய் திறந்தது. பிறந்தது முதல் பழகிய சொல், நுனிநாக்கில் வந்து நின்றுவிட்டது. அவளுக்கே அது தெரிந்தது. கண் அகன்றது. சட்டென்று முக்காட்டின் முனையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டாள். தலையை இடமும் வலமும் ஆட்டினாள்.

“வாயால சொல்லுங்கம்மா.”

அவள் ஆட்டினாள். அவர் ஓரடி முன்னால் வந்தார். அவள் பின்னால் போனாள். சிவப்பு முளை கெண்டைக்காலில் குத்தியது. கண்ணில் நீர் வழிய, ஆட்டிக்கொண்டே நின்றாள்.

“அதுதாங்க பதில்” என்றார் தார்ஜோ. “தலை ஆடறது படத்துல விழுதில்ல?”

“மேல காட்டறேன். அவங்க என்ன சொல்வாங்களோ” என்று நகரத்து ஆள் செல்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியேறினார். அவள் வைத்த தேநீர் தொடாமல் ஆறிப்போயிருந்தது.

முளை அப்படியே நின்றது. நிழல் அதைத் தாண்டி முதல் தட்டின் ஓரத்தைத் தொட்டுவிட்டது.

“ஆள் போயாச்சுக்கா. துணியை எடுங்க” என்றாள் முர்யாதி.

வார்சினா அதற்கும் தலையை ஆட்டினாள். துணியைக் கடித்தபடியே குனிந்து, தட்டை வெயிலுக்கு இழுத்தாள்.